ரூம் நம்பர் 7: வடச்சட்டி போச்சே!

இன்டர்னல்ஸ் எல்லாம் எப்படிப் போச்சு? போன வாரம், ஒரே ஜீன்ஸை ஒரு மாசம் துவைக்காமல் போட்டும் மாட்டிக்காமல் இருப்பது எப்படினு பார்த்தோம். அதைப் படிச்சுட்டு எங்க எச்.ஓ.டி. என்னை ரெண்டடி தள்ளி நின்னு பேசச் சொன்னது தனிக் கதை. இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் சீரியஸ். ஒரு கொலை முயற்சி வழக்கு. செத்துப் பிழைச்சது ஒரு வடச்சட்டி!

புதுசா வந்து சேர்ந்திருக்கிறவங்களுக்காக ஒரு சின்ன இன்ட்ரோ. கோவை பீளமேட்டில் ஒரு மாடி ரூம். நாலு பேர். ரூமில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுற வழக்கமே இல்லை. எல்லாம் டிபார்ட்மென்ட் பேர்தான். மெக், சிவில், கெமிக்கல்... அப்புறம் ஈ.சி.ஈ.யாகிய அடியேன். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடித் தேடிக் கண்ணு போனதால, தேர்ட் இயரில் தனியா ரூம் எடுத்துச் சமைக்க ஆரம்பிச்சோம்.

அப்போ எங்க அம்மா கோபியில இருந்து ஒரு மூட்டை பாத்திரம் கொடுத்துவிட்டாங்க. அதில்தான் நம்ம ஹீரோவும் இருந்தார். கனமான எவர்சில்வர் வடச்சட்டி. வெளியூர் மக்கள் கடாய், வாணலினு சொல்வீங்களே... எங்க கொங்கு ஏரியாவில் அது வடச்சட்டி. அம்மா கல்யாணச் சீர்வரிசையில் அம்முச்சி வாங்கிக் கொடுத்தது. பாத்திரக் கடையில மெஷினை வெச்சு 'டர்ர்ர்'னு பேர் வெட்டித் தருவாங்களே, அந்த மாதிரி கைப்பிடிக்குக் கீழே புள்ளி புள்ளியா அம்மா பேரும், '2002'னு வருஷமும் வெட்டியிருக்கும். அம்முச்சி இப்போ இல்லை. "பத்தரமா வெச்சுக்க சாமி"னு சொல்லித்தான் அம்மா கொடுத்தாங்க. நானும் "ம்... ம்..."னேன். காதுல இயர்போன்!

சம்பவம் நடந்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி. மெனு: சிக்கன் 65. சமையல் பொறுப்பு: நான். எண்ணெயை ஊத்தி அடுப்பை ஃபுல்லா வெச்சுட்டு, "ஒரே ஒரு ஓவர் பார்த்துட்டு வந்துர்றேன்"னு போனேன். அந்த ஒரு ஓவர் அஞ்சு ஓவர் ஆச்சு. "டேய், யாராச்சும் கொசுவர்த்தி பத்த வெச்சீங்களா?"னு சிவில் கேட்டப்பதான் எனக்கு உறைச்சது. ஓடிப் போய்ப் பார்த்தா சமையலறை முழுக்க மேகமூட்டம். ஏற்கெனவே போட்ட முதல் ஈடு சிக்கனும், அதில் இருந்து உதிர்ந்த சோள மாவு, மிளகாய்த்தூள் மசாலாவும் சட்டியின் அடியில கரிக்கட்டையா ஒட்டிக்கிச்சு. எண்ணெய் பாதி கொதிச்சு வெளியே வழிஞ்சு, சட்டியோட முதுகிலயும் தார் ரோடு போட்டிருந்துச்சு.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் காமெடியை நிறுத்திக்கிறேன். எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணியை மட்டும் ஊத்திடாதீங்க. எண்ணெயை விடத் தண்ணி கனம். அடியில போய், ஒரு நொடியில ஆவியாகி, எரியுற எண்ணெயை மேல தூக்கி அடிக்கும். அடுப்பை அணைச்சுட்டு ஒரு தட்டத்தைப் போட்டு மூடணும். சட்டியைத் தூக்கிட்டு ஓடவும் கூடாது. எங்களுக்கு அது புகையோட போச்சு. ரெண்டு நிமிஷம் லேட்டாகியிருந்தா இந்த காலமே வந்திருக்காது.

சரி, அப்புறம் என்ன பண்ணினோம்? மானமுள்ள ரூம்மேட்கள் செய்யறதைத்தான் செஞ்சோம். "யார் சமைச்சதோ அவன்தான் கழுவணும்", "சாப்பிட ஆசைப்பட்டவன்தான் கழுவணும்"னு மூணு நாள் பட்டிமன்றம் நடத்தினோம். நாலாவது நாள் சட்டியைத் தூக்கி கட்டிலுக்கு அடியில தள்ளிட்டோம். கண்ணுல படலைன்னா பிரச்னை இல்லையே!

ஆனா வியாழக்கிழமை அம்மா போன் பண்ணினாங்க.

"கண்ணு, ஞாயித்துக்கிழமை சிங்காநல்லூர்ல ஒரு கல்யாணம். முடிச்சுட்டு அப்படியே உன்ற ரூமுக்கும் வர்றேன். என்ற வடச்சட்டிய எடுத்து வெச்சிரு. முறுக்கு சுடோணும்."

வட போனா கூடப் பரவாயில்லைங்க... வடச்சட்டியே போச்சே!

அன்னிக்கு ராத்திரி அவசரக் கூட்டம். முதல் யோசனை சிவிலோடது. "ஒண்டிப்புதூர்ல பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் மாத்திக் கொடுப்பாங்கடா. இதே சைஸ்ல ஒண்ணு வாங்கிக் கொடுத்துரலாம்." ஒரு செகண்ட் எனக்கே 'நல்ல ஐடியா'னு தோணுச்சு. அப்புறம்தான் பேர் ஞாபகம் வந்துச்சு. புதுச் சட்டியில் அம்மா பேரை வெட்டிடலாம், 2002-னுகூட வெட்டிடலாம். ஆனா அம்முச்சி வாங்கினதா அது ஆகுமா? சட்டியைத் திருப்பி கைப்பிடிக்குக் கீழே பார்த்தேன். பேரைக் காணோம். கரும்பழுப்புப் பிசுக்கு மட்டும்தான் இருந்துச்சு. வயித்துக்குள்ள என்னவோ பண்ணுச்சு.

"கழுவுறோம்"னு சொன்னேன்.

முதல் அட்டெம்ப்ட், மெக். கையில் கம்பி நார். 'ஃபோர்ஸ் இஸ் ஈக்வல் டு மாஸ் இன்ட்டு ஆக்சலரேஷன்'னு சொல்லிக்கிட்டே பனியனோட உட்கார்ந்து நாப்பது நிமிஷம் தேய்ச்சான். ரிசல்ட்: விரல்ல ரெண்டு கீறல், சட்டியில இருபது கீறல். கரி மட்டும் அப்படியே சிரிச்சுக்கிட்டிருந்துச்சு.

ரெண்டாவது அட்டெம்ப்ட், சிவில். கையில் உப்புத்தாள்! "சுவரே சொரண்டுறோம், இது என்ன பிரமாதம்"னு ஆரம்பிச்சவன், நல்லவேளை, முதல்ல வெளிப்பக்கம் கை வைக்கலை. வெச்சிருந்தா கரியோட சேர்ந்து அம்மா பேரும் போயிருக்கும். ஓடிப் போய்ப் பிடுங்கிட்டேன்.

மூணாவது அட்டெம்ப்ட், சாட்சாத் நானே. யூடியூப்ல பார்த்த மாதிரி சமையல் சோடாவைத் தூவி, அது மேல வினிகரை ஊத்தினேன். ஆஹா... 'புஸ்ஸ்ஸ்'னு நுரை பொங்கினதைப் பார்த்து ரூமே கைத்தட்டுச்சு. நுரை அடங்கினதும் எட்டிப் பார்த்தா, கரி குளிச்சுட்டு ஃப்ரெஷ்ஷா உட்கார்ந்திருக்கு. செம பல்பு!

நாலாவதா, ஹவுஸ் ஓனர் அக்கா சத்தம் கேட்டு மேல வந்தாங்க. "ஏந் தம்பி, பித்தளைன்னா புளியைப் போட்டுத் தேய்ச்சா போகும். இது எவர்சில்வராச்சே. ஊற வெச்சீங்களா?" நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். மூணு நாள் சண்டை போட்டோம், கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சோம், தேய்ச்சோம், சொரண்டினோம். ஆனா ஒரு சொம்பு தண்ணி ஊத்தி ஊற வைக்கணும்னு நாலு இன்ஜினீயர் மூளைக்கும் தோணவே இல்லை.

அப்பதான் அதுவரைக்கும் வாயே திறக்காம மேகியைச் சாப்பிட்டுக்கிட்டிருந்த கெமிக்கல் எழுந்தான்.

"மச்சி, நீங்க எல்லாம் இதை அழுக்குனு நினைச்சு அடிச்சுக்கிட்டிருக்கீங்க. இது அழுக்கு இல்லை. இது பாலிமர்."

அடுத்த பத்து நிமிஷம் அவன் நடத்தின கிளாஸை உங்களுக்காக அப்படியே சுருக்கித் தர்றேன். (இதே மாதிரி எங்க கெமிஸ்ட்ரி சார் நடத்தியிருந்தா ஃபர்ஸ்ட் இயர்ல எனக்கு அரியரே விழுந்திருக்காது.)

எண்ணெய்ங்கிறது சின்னச் சின்னக் கொழுப்பு மூலக்கூறுகள். அதுங்க தனித்தனியா வழுக்கிக்கிட்டு இருக்கிற வரைக்கும் சோப்புத் தண்ணியிலயே போயிடும். ஆனா காத்து பட, ரொம்ப சூடாக்கினா, ஆக்சிஜனோட சேர்ந்து ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கும். கோத்து, கோத்து, ஒரு பெரிய வலையா மாறிடும். அதுதான் அந்தப் பழுப்பு நிறப் பிசுக்கு. கிட்டத்தட்ட வார்னிஷ் மாதிரி. சும்மா சோப்பு போட்டா போகாது. வலையை அறுக்கணும்.

இதில் ஒரு காமெடி என்னன்னா, நம்ம வீட்டுத் தோசைக்கல் இருக்கு பாருங்க... இரும்புக் கல்லை எண்ணெய் தடவித் தடவிப் பழக்குவாங்களே, அதுவும் இதே பாலிமர்தான்! அங்கே ஒட்டினா தோசை ஒட்டாம வரும். "கல்லு நல்லாப் பழகிடுச்சு"னு பெருமைப்படுவாங்க. அதே விஷயம் எவர்சில்வர்ல கண்டபடி ஒட்டினா திட்டு விழும். இடம், பொருள், ஏவல்னு தமிழ் அய்யா சொன்னது இதைத்தான் போல.

சரி, அதுக்கு அடியில இருக்கிற எவர்சில்வர்? பேர்ல மட்டும்தான் சில்வர். வெள்ளி ஒரு கிராம்கூட கிடையாது. இரும்போட குறைஞ்சது பத்தரை சதவிகிதம் குரோமியம் சேர்த்தா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர்ல ஹாரி பிரியர்லினு ஒருத்தர், துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல ஸ்டீல் தேடிக்கிட்டிருந்தப்போ 1913-ல் இப்படி ஒரு துருப்பிடிக்காத ஸ்டீலை உருக்கினார். துப்பாக்கிக்குப் போனது நம்ம சாம்பார் வாளிக்கு வந்துடுச்சு. அந்தக் குரோமியம், காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய போர்வையை மேல போர்த்திக்கும். கீறினாலும் காத்து பட்டா மறுபடி தானாவே போர்த்திக்கும். அதான் துரு பிடிக்கிறதில்லை.

அந்தப் போர்வையோட எதிரி குளோரைடு. அதனால பிளீச்சிங் பவுடர், டாய்லெட் கழுவுற ஆசிட் இதெல்லாம் எவர்சில்வர் பக்கமே வரக் கூடாது. குட்டிக் குட்டிக் குழி விழுந்துடும். ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் கலந்தா பாத்திரம் மட்டும் இல்லை, நீங்களும் காலி. குளோரின் வாயு கிளம்பும். உப்புத் தண்ணியை ராத்திரி முழுக்க எவர்சில்வர்ல வைக்கிறதும் வேண்டாம்.

அப்போ வலையை அறுக்கிறது யாரு? காரம். அதாவது ஆல்கலி. கொழுப்பைக் காரத்தோட சூடாக்கினா அது உடைஞ்சு சோப்பாவே மாறிடும். அம்முச்சி காலத்துல அடுப்புச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்ச்சாங்களே... அந்தச் சாம்பலில் இருக்கிறது பொட்டாசியம் கார்பனேட். சுத்தமான காரம்! லேப் போகாமலே கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணினவங்க அவங்க.

நான் பண்ணின 'புஸ்ஸ்ஸ்' ஏன் வேலை செய்யலைனும் இப்போ புரிஞ்சது. சோடா காரம், வினிகர் அமிலம். ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா ஒண்ணை ஒண்ணு அடிச்சு சமாதானம் ஆகிடும். மிச்சம் நுரையும், உப்புத் தண்ணி மாதிரி ஒண்ணும்தான். சட்டியோட சண்டை போட ஆளே இல்லை. தனித்தனியா யூஸ் பண்ணணும் மக்களே!

கடைசியா கெமிக்கல் எங்க ரூம் சுவத்துல ஒரு வட்டம் போட்டான். 1959-ல் ஹெர்பர்ட் சின்னர்னு ஒரு ஜெர்மன் கெமிக்கல் இன்ஜினீயர் சொன்னதாம். எதைச் சுத்தம் பண்ணணும்னாலும் நாலு விஷயம் வேணும். ரசாயனம், உழைப்பு, சூடு, நேரம். வட்டத்தில் ஒண்ணைக் குறைச்சா மத்ததைக் கூட்டணும்.

"நீங்க நாலு பேரும்... சாரி, மூணு பேரும் உழைப்பை மட்டும் போட்டீங்க. சூடு இல்லை, நேரம் இல்லை, சரியான கெமிக்கலும் இல்லை. அதான் கை கிழிஞ்சது"னு முடிச்சான்.

அந்த ஸ்டைலில் ஆபரேஷன் வடச்சட்டி வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பம். வெட்டி எடுத்து அலமாரியில ஒட்டி வெச்சுக்கோங்க:

1. சட்டியில ஒட்டாம கிடக்கிற கரியையும் எண்ணெயையும் மரக்கரண்டியால் வழிச்சு எடுங்க. எண்ணெயை சிங்க்ல ஊத்தாதீங்க. பேப்பர்ல துடைச்சுக் குப்பையில போடுங்க. சட்டி சூடா இருக்கும்போது பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, அடி வளைஞ்சுடும்.

2. கரி மூழ்குற அளவு தண்ணி ஊத்தி, ஒரு லிட்டருக்கு ரெண்டு டேபிள் ஸ்பூன் சமையல் சோடா போட்டு, மிதமான தீயில பதினஞ்சு இருபது நிமிஷம் கொதிக்க விடுங்க. சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க, பொங்கும். கொதிக்கக் கொதிக்க சமையல் சோடாவில் இருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, அது கொஞ்சம் கொஞ்சமா சலவை சோடாவா மாறும். சாதுவா இருந்த காரம் ரௌடியா மாறுதுனு வெச்சுக்கோங்களேன். ஜன்னலைத் திறந்து வைங்க. முக்கியமா, பக்கத்துலயே நில்லுங்க. கிரிக்கெட் பார்க்கப் போகாதீங்க!

3. அடுப்பை அணைச்சுட்டு அப்படியே விட்டுடுங்க. ராத்திரி முழுக்க. இதுதான் 'நேரம்'. நீங்க தூங்கும்போது அது வேலை பார்க்கும்.

4. காலையில மரக்கரண்டியால் தள்ளினா கரி ஏடு ஏடா உரியும். மிச்சத்தை தேங்காய் நார் இல்லைன்னா சாதாரண ஸ்க்ரப்பரில் தேய்ங்க. போகலைன்னா கோபப்படாம 2, 3-ஐ இன்னொரு தடவை ரிப்பீட் பண்ணுங்க.

5. வெளிப்பக்கப் பிசுக்குக்கு, சட்டி முழுசா உள்ளே போற மாதிரி பெரிய எவர்சில்வர் அண்டா கிடைச்சா, சோடாத் தண்ணியில சட்டியையே முக்கிக் கொதிக்க வைக்கலாம். அண்டா இல்லையா? சோடாவை கொஞ்சம் தண்ணி விட்டு விழுதாக் குழைச்சுப் பூசி, அது காயாம இருக்க ஈரத்துணி சுத்தி ராத்திரி முழுக்க வைங்க. பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள சட்டின்னா இந்த ரெண்டாவது முறைதான்.

6. எல்லாம் போனப்புறம் நீலம், மஞ்சள்னு வானவில் மாதிரி கறை தெரியும். அது அழுக்கு இல்லை, சூட்டுல அந்தக் குரோமியம் போர்வை தடிச்சதால வர்ற வெளிச்ச விளையாட்டு. இப்போ வினிகரோ, எலுமிச்சை மூடியோ வெச்சுத் தடவுங்க. போயிடும். கழுவி, உடனே துணியால் துடைங்க.

முக்கிய எச்சரிக்கை: இது எவர்சில்வருக்கு மட்டும்! அலுமினியப் பாத்திரத்துல சோடா போட்டுக் கொதிக்க வெச்சா அலுமினியத்தையே அரிச்சுக் கறுப்பாக்கிடும். நான்ஸ்டிக்கில் கம்பி நாரும் வேண்டாம்.

எங்க சட்டிக்கு உள்ளே ரெண்டு ரவுண்டு. வெளிப்பக்கத்துக்கு ஓனர் அக்காகிட்ட அண்டா கடன் வாங்கினோம். சனிக்கிழமை சாயங்காலம், ஈரத் துணியால் கைப்பிடிக்குக் கீழே துடைச்சுக்கிட்டிருந்தேன். முதல்ல ஒரு புள்ளி தெரிஞ்சது. அப்புறம் ஒரு கோடு. அப்புறம் அம்மா பேரோட முதல் எழுத்து. ஒவ்வொரு எழுத்தா வெளியே வந்து, கடைசியா '2002'. எக்ஸாம் ரிசல்ட்ல என் நம்பரைப் பார்த்தப்பகூட நான் அப்படிக் கத்தினதில்லை. மெக் விசிலே அடிச்சுட்டான்.

ஞாயித்துக்கிழமை அம்மா வந்தாங்க. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, ஒரு டப்பா எள்ளுருண்டை, கூடவே எங்க நாலு பேருக்கும் ஆளுக்கொரு திட்டு. நான் சட்டியை எடுத்து நீட்டினேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. விரலால அந்தப் புள்ளி எழுத்தைத் தடவிப் பார்த்தாங்க. அப்புறம் உள்ளே பார்த்து, "இந்தக் கீறலெல்லாம் யாரு வேலை?"னாங்க. மெக் நைசா மொட்டைமாடிக்குப் போயிட்டான். நடந்ததை எல்லாம் ஒப்பிச்சேன். சிரிச்சாங்க. "போச்சாது விடு. எங்கம்மாகூட ஒருக்கா இதைத் தீய விட்டிருக்குது"ன்னாங்க.

அத்தோட சுபம்னு போட்டிருக்கலாம். ஆனா மேட்டரே அதுக்கப்புறம்தான்.

பேசிக்கிட்டே அம்மா சேலையைச் சொருகிக்கிட்டு சிங்க் பக்கம் போய், அங்கே கிடந்த எங்க பாத்திரங்களை வெளக்க ஆரம்பிச்சுட்டாங்க. யாரும் சொல்லலை. அவங்களும் யோசிக்கலை. கை தானா போகுது. "விடுங்கம்மா, நான் பார்த்துக்கறேன்"னு கையைப் பிடிச்சேன்.

அப்பதான் பார்த்தேன். விரல் நுனி எல்லாம் வெடிச்சிருந்தது. மெல்லிசா, கோடு கோடா. சில இடத்துல சிவந்து. கட்டைவிரல் ஓரம் தோல் உரிஞ்சிருந்தது.

இருபது வருஷமா அம்மா கை சொரசொரப்புனு எனக்குத் தெரியும். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது முடி விரல்ல மாட்டும். "ஆ, வலிக்குதும்மா"னு கத்தியிருக்கேன். ஏன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"என்னம்மா இது?"

"பாத்தரம் வெளக்கற கை அப்படித்தான் சாமி இருக்கும்."

கெமிக்கல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே விஷயம்தான் தோணியிருக்கும். காரம் கொழுப்பை உடைக்கும். சட்டியில இருக்கிறது கொழுப்பு. தோலைக் காயாம காப்பாத்துறதும் ஒரு எண்ணெய்ப் பசைதான். பாத்திரம் தேய்க்கிற பவுடருக்கு எது சட்டி, எது அம்மா விரல்னு வித்தியாசம் தெரியாது. தினமும் மூணு வேளை ரெண்டையும் ஒண்ணாத்தான் தேய்க்குது.

சின்னர் வட்டம் சுவத்துல அப்படியே இருந்துச்சு. ரசாயனம், உழைப்பு, சூடு, நேரம். நம்ம வீட்டுல ஊற வைக்க நேரம் இருக்காது. அடுத்த வேளை சமைக்க அதே பாத்திரம் வேணும். வெந்நீர் போட கேஸ் வீண். அப்போ மிச்சம் என்ன? உழைப்பு. அது யாரோடது?

அடுத்த வாரம் ஊருக்குப் போனப்போ சும்மா எண்ணிப் பார்த்தேன். காலைக் காபி தம்ளர்ல ஆரம்பிச்சு, ராத்திரி பால் பாத்திரம் வரைக்கும், நாலு பேர் இருக்கிற எங்க வீட்டுல ஒரு நாளைக்கு 47. கால்குலேட்டர் இல்லாத இன்ஜினீயரா? வருஷத்துக்கு 17,155. நான் பொறந்த இந்த 20 வருஷத்துல, விருந்தாளியை எல்லாம் விட்டுட்டுப் பார்த்தாலே, 3 லட்சத்து 43 ஆயிரத்து நூறு. அதில் நான் வெளக்கினது: ஒண்ணு. இந்த வடச்சட்டி. அதுவும் மூணு பேரோட சேர்ந்து!

அன்னிக்கு ராத்திரி சிங்க் முன்னாடி நான் நின்னேன். அப்பா பேப்பருக்கு மேல கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தார். "என்னடா, ரூம்ல ஏதாச்சும் பிரச்னையா?"ன்னார். அம்மா பின்னாடியே வந்து நின்னு, "பால் பாத்தரத்த மொதல்ல வெளக்கு. எண்ணெச்சட்டி கடைசி. இல்லாட்டி எல்லாத்துலயும் பிசுக்கு ஏறும்"னு டைரக்ஷன். அந்த ஆர்டர் எனக்குத் தெரியவே தெரியாது. இருபது நிமிஷம்னு நினைச்சது முக்கால் மணி நேரம் ஆச்சு. இடுப்பு கழண்டுடுச்சு. முடிச்சுட்டுத் திரும்பினா, அம்மா டி.வி. முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. அந்த நேரத்துல அவங்க உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என்ன பண்றதுனு தெரியாத மாதிரி கையை மடியில வெச்சுக்கிட்டிருந்தாங்க.

மறுநாள் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். "வழுக்குது"னு குறை சொன்னாங்க. ஆனா போட்டுக்கிறாங்க. வேலை முடிஞ்சதும் கையைத் துடைச்சு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவணும்னும் சொல்லியிருக்கேன். போன்ல டெய்லி செக் பண்றேன். "நீ எனக்கு மாமியாராடா?"ங்கிறாங்க.

ஆனா மக்களே, கையுறை வாங்கிக் கொடுத்துட்டு 'கடமை முடிஞ்சது'னு நினைச்சா அதுவும் ஒரு 'புஸ்ஸ்ஸ்'தான். நுரை வரும், கரி போகாது. இப்போ ஊருக்குப் போனா ராத்திரிப் பாத்திரம் என்னோடது. அப்பா தன்னோட காபி தம்ளரைத் தானே கழுவ ஆரம்பிச்சிருக்கார். ஒரே ஒரு தம்ளர்தான். ஊற வெச்சிருக்கோம். பார்க்கலாம்.

ரூமில் இப்போ புது சட்டம் அமலில் இருக்கு. ஒண்ணு, யாரா இருந்தாலும் சமைச்ச உடனே சட்டியில தண்ணி ஊத்தணும். ரெண்டு, எவர்சில்வரை முதல்ல சூடாக்கி, ஒரு சொட்டுத் தண்ணி விட்டா அது முத்து மாதிரி உருண்டு ஓடணும். அதுக்கப்புறம் தீயைக் குறைச்சு எண்ணெய். ஒட்டுறது பெரும்பாலும் குறையும். தண்ணி முத்து ஏன் உருளுதுனு 1756-லயே லெய்டன்ஃப்ராஸ்டுனு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். மூணு, எண்ணெய் அடுப்புல இருந்தா கிரிக்கெட் கிடையாது. நாலு, பாத்திரம் கழுவ டைம்டேபிள். மெக் எழுதினது. முதல் வாரம் முழுக்க என் பேரையே போட்டிருக்கான், துரோகி!

சட்டி எங்கேனு கேட்பீங்களே... அம்மா எடுத்துட்டுப் போகலை. முறுக்கு சுட வேற சட்டி பார்த்துக்கறேன்னுட்டாங்க.

"உங்கிட்டயே இருக்கட்டும் கண்ணு. ஆனா வாரத்துக்கு ஒருக்கா போட்டோ அனுப்போணும்."

"என் போட்டோவா?"

"உன்ற மூஞ்சிய நான் பார்த்ததில்லையா? சட்டி போட்டோ!"

இந்த வார டாஸ்க்: இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு சிங்க்ல ஒரு நாள் பூரா விழற பாத்திரத்தை எண்ணுங்க. எண்ணி முடிச்சுட்டு சும்மா வந்துடாதீங்க... ஸ்க்ரப்பர் பக்கத்துலயேதான் இருக்கும்.

வர்ட்டா!